காலையில் மட்டும் படுத்துக்கொள்ளும் கம்ப்யூட்டர்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது. பதில் போடாததற்குக் காரணம் சொன்னால் சிரிப்பாய். உன் கம்ப்யூட்டர் சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துபோகிறது என்று எழுதியிருந்தாயே, அந்த வரியைப் படித்துக்கொண்டிருக்கும்போதே என்னுடையதும் அணைந்தது. அப்புறம் அதுவாகவே உயிர்பெற்று எழுந்தது. உன் வீட்டுப் பேய்தான் கடிதத்தோடு வந்துவிட்டதோ என்று ஒரு நிமிடம் நினைத்தேன்.

மூட்டு வலி எப்படி இருக்கிறது? டாக்டரைப் பார்க்கப் போகும் நாளில் மட்டும் வலியே இருப்பதில்லை என்று அலுத்துக்கொண்டிருந்தாய். இந்தக் கம்ப்யூட்டரும் அப்படித்தான். பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனேன். இரண்டு நாள் வைத்திருந்து, ‘ஒரு குறையும் இல்லை சார், நன்றாகத்தானே ஓடுகிறது’ என்று திருப்பிக் கொடுத்தார். மறுநாள் காலையில் மின்னஞ்சலைத் திறந்தேன், படுத்துக்கொண்டது. ஒரேயடியாகச் செத்துப்போன மெஷினைச் சரிசெய்துவிடலாம். விட்டு விட்டு வரும் கோளாறுதான் மனிதனைப் பைத்தியமாக்குகிறது.

2012-ல் வாங்கியது. தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கு என்று வீட்டில் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். எனக்குத்தான் மனசு வரவில்லை. சிக்கனம் ஒரு காரணம் என்றால், தோற்றுப்போக மனமில்லாதது இன்னொன்று.

முதலில் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறந்தேன். ரேம் என்ற நினைவகப் பலகை இரண்டையும் கழற்றி, நாம் அறையில் ஒன்றாக இருந்த காலத்தில் செய்வோமே, அதே போல பென்சில் ரப்பரால் அந்தத் தங்க நிறப் பட்டைகளைத் தேய்த்து மாட்டினேன். தூசியை ஊதினேன். போகிற போக்கில் ஹார்ட் டிஸ்க் கேபிளையும் மாற்றினேன். அதற்குப் பிறகு ஒன்பது நாள் ஒரு சின்ன இருமல்கூட இல்லை. வீட்டில் பெருமை அடித்துக்கொண்டேன். பத்தாம் நாள் காலை மறுபடியும் படுத்தது.

மூன்றையும் ஒரே நாளில் செய்ததில் உள்ள தப்பு அப்போதுதான் உறைத்தது. சரியாகியே போயிருந்தாலும் எதனால் சரியானது என்று தெரிந்திருக்காது. ஆனால் அந்த ஒன்பது நாள் நிம்மதிக்கு உண்மையான காரணம் வேறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஒரு பழைய நோட்டை எடுத்துக் கோடு போட்டேன். தேதி, போட்ட நேரம், படுத்த நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன், அதற்கு முன் எவ்வளவு நேரம் அணைந்திருந்தது. சிரிக்காதேடா, இந்தக் கடைசிக் கட்டம்தான் என்னைக் காப்பாற்றியது. மூன்று வாரத்தில் 14 முறை படுத்திருந்தது. அதில் 12 முறை காலை எட்டு மணிக்குள், போட்ட இருபது நிமிடத்துக்குள். காலை நேரத்தில்தான் ஏதோ இருக்கிறது, மின்சாரம் ஏறி இறங்குகிறதோ என்று அலைந்தேன். மீதி இரண்டு மட்டும் மாலையில் வந்தவை, அவைதான் உதைத்தன. அந்த இரண்டு நாளும் நாங்கள் வெளியூர் போய்விட்டுத் திரும்பி, அன்றைக்கு முதல்முறையாகக் கம்ப்யூட்டரைப் போட்ட நாள்கள். ஆக, காலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நெடுநேரம் அணைந்து ஆறிக் கிடந்தால்தான் அதற்கு வருகிறது.

இப்போது அந்த ஒன்பது நாளுக்கு வருகிறேன். ரேமைத் தேய்த்த கையோடு, எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாப் படங்களையும் வெளி டிஸ்க்கில் பேக்கப் எடுக்க ஆரம்பித்திருந்தேன். அது ராத்திரி பகலாக ஓடியது. முடிந்ததும் மெம்டெஸ்ட் 86 போட்டு ரேமை இரண்டு ராத்திரி சோதித்தேன், ஒரு பிழைகூட இல்லை. அதாவது அந்த ஒன்பது நாளும் மெஷினை நான் அணைக்கவே இல்லை. ஆறினால்தானே படுக்கும்!

சூட்டினால் வரும் கோளாறு நேர்மாறாக இருக்கும். போட்டவுடன் நன்றாக ஓடும், அரை மணி, ஒரு மணி கழித்துப் படுக்கும். ஆறியிருக்கும்போது வந்து, சூடேறியதும் மறைந்தால் சந்தேகம் முதலில் எஸ்.எம்.பி.எஸ். மேல், அதாவது உள்ளே எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தரும் பெட்டியின் மேல் போக வேண்டும். அதற்குள் மின்சாரத்தைக் கொஞ்சம் தேக்கிவைத்துச் சீராக்கித் தரும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களில் ஒரு திரவம் இருக்கிறது. வருடக்கணக்காகச் சூட்டில் வெந்து அது மெல்ல மெல்ல உலர்கிறது. உலர உலர உள்தடை ஏறுகிறது. குளிர்ந்திருக்கும்போது அந்தத் தடை இன்னும் அதிகம். சூடேறினால் கொஞ்சம் இறங்கி, வேலைக்கு ஆகிற மாதிரி நடிக்கும். ஆறிய நிலையில் திடீரென்று சுமை ஏறினால் மின்னழுத்தம் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் சரிந்து மீளும். எல்லாப் பாகங்களையும் தாங்கும் தாய்ப்பலகையான மதர்போர்டுக்கு அது போதும், ரீசெட் ஆகிவிடும்.

கண்டுபிடித்துவிட்டேன் என்று மல்டிமீட்டரை எடுத்து, 12 வோல்ட் வரவேண்டிய மஞ்சள் வயரில் வைத்தேன். 12.08 வோல்ட். 5 சதவீதம் ஏறலாம், இறங்கலாம் என்பது கணக்கு, 11.4-லிருந்து 12.6 வரை சரி. எனக்கு வந்தது குறை சொல்ல முடியாத எண். ஒரு நாள் முழுக்கச் சோர்ந்துபோனேன். மல்டிமீட்டர் நிதானமான பிறவி என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. நொடிக்கு இரண்டு மூன்று தடவை சராசரி பார்த்துச் சொல்லும். மில்லி நொடியில் வந்து போகும் சரிவு அதன் கண்ணில் படாது. அது தப்பு என்று காட்டினால் நம்பலாம், சரி என்று காட்டினால் முழுதாக நம்பக்கூடாது.

ஒரே வழி மாற்றிப் பார்ப்பதுதான். மருமகனிடம் சும்மா கிடந்த எஸ்.எம்.பி.எஸ்-ஐ இரவல் வாங்கி மாட்டினேன். இந்த முறை வேறு எதையும் தொடவில்லை. பெட்டிக்குள் கைவிட்டால் எதையாவது துடைக்க வேண்டும் என்று கை துறுதுறுக்கும், அதை அடக்குவதுதான் பெரிய பாடு. தினமும் ராத்திரி அணைத்துக் காலையில் போட்டேன். இரண்டு வாரம் ஒன்றும் இல்லை. போதாதா என்றாள் மனைவி. போதாது. பழையதைத் திரும்ப மாட்டினேன். மறுநாள் காலை 6.41-க்குப் போட்டேன், 6.49-க்குப் படுத்தது. இத்தனை வருஷத்தில் கம்ப்யூட்டர் படுத்ததற்காக நான் கைதட்டியது அன்றைக்குத்தான்.

சரி, உன்னுடையதற்கு வருகிறேன். நீ எழுதியதில் இரண்டு கோளாறு கலந்திருக்கிறது. கடிகாரம் பழைய தேதிக்குப் போய்விடுவது மதர்போர்டில் இருக்கும் சி.ஆர். 2032 என்ற 3 வோல்ட் நாணய பேட்டரி தீர்ந்ததால். அதை மாற்று, அதோடு அந்தக் கதை முடிந்தது. பேரன் விளையாட ஆரம்பித்து அரை மணியில் அணைவது வேறு கதை, அது எனக்கு நேர்மாறு. பெரும்பாலான பிராசஸர்கள் 100 டிகிரியை நெருங்கும்போது முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் அடங்காவிட்டால் தாமே அணைந்துவிடும். அதனால் அணைவதற்கு முன் விளையாட்டு திக்கித் திணறுகிறதா என்று பேரனிடம் கேள். திணறினால் சூடுதான் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். பக்கத்து மூடியைக் கழற்றிவிட்டு, டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்து ஒரு நாள் ஆடவிடு. அரை மணி ஒன்றரை மணியானால் தூசியைத் தட்டி, பிராசஸர் மேல் இருந்து சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க்கைக் கழற்றி, இரண்டுக்கும் நடுவில் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தால் துடைத்துப் புதிதாகப் போடு. ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள், காற்றில் தறிகெட்டுச் சுற்றவிடாதே. திணறாமல் சட்டென்று அணைகிறது, டேபிள் ஃபேனாலும் பலனில்லை என்றால் உனக்கும் பெரும்பாலும் எஸ்.எம்.பி.எஸ்.தான். சுமை ஏறும்போது தாங்கவில்லை என்று பொருள்.

விண்டோஸ் நிகழ்வுப் பதிவேட்டில் ‘கெர்னல் பவர் 41’ என்று வருகிறது, பவரில்தான் கோளாறாம் என்று எழுதியிருந்தாய். பேரைப் பார்த்து ஏமாறாதே. முறையாக மூடாமல் அணைந்துபோனது என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்லவில்லை. சூட்டில் அணைந்தாலும் அதே 41, பேரன் வயரைப் பிடுங்கினாலும் அதே 41.

அப்புறம், ஹார்ட் டிஸ்க்கில் எப்போதாவது ‘டக் டக்’ சத்தம் கேட்கிறது என்று ஒரு வரி போகிற போக்கில் எழுதியிருந்தாய். உன் கடிதத்திலேயே என்னைப் பயமுறுத்திய வரி அதுதான். மேலே சொன்ன எதையும் தொடுவதற்கு முன் படங்களை எல்லாம் வேறு டிஸ்க்குக்கு நகல் எடு. ஆராய்ச்சியை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைப் பிரித்துக் கெப்பாசிட்டர் மாற்றுகிறேன் என்று கிளம்பாதே. உன்னை எனக்குத் தெரியும். வயரைப் பிடுங்கிய பிறகும் ஆளைத் தூக்கியடிக்கும் மின்சாரம் அதற்குள் தேங்கியிருக்கும். மாற்றினால் முழுசாக மாற்று. மதர்போர்டில் இருக்கிற கெப்பாசிட்டர்களை மட்டும் கண்ணால் பார். தலை உப்பியிருந்தாலோ, பழுப்பாகக் கசிந்திருந்தாலோ எழுது.

ஒரு நோட்டு வாங்கிக்கொள். மூட்டு வலிக்கும் அதிலேயே ஒரு பக்கம் ஒதுக்கி வை, டாக்டரிடம் காட்டலாம்.

நேற்றுப் புது எஸ்.எம்.பி.எஸ். வந்தது, ராத்திரியே மாட்டிவிட்டேன். இன்று காலை 6.30-க்குப் போட்டு இதை எழுத உட்கார்ந்தேன். இப்போது மணி 7.25. நோட்டில் இன்றைய தேதிக்கு எதிரே எழுத ஒன்றும் இல்லை.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்