மூன்றாவது வரி

அன்புள்ள தம்பிக்கு,

மூன்று வாரமாக உன் குரலைக் கேட்கவில்லை. "வேலை அதிகம்மா" என்று வாட்ஸப்பில் வந்ததையே எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். ராத்திரிச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. ஒரு ரசம் வைத்தால் போதும்.

பெரியம்மாவுக்கு முழங்கால் தேவலை. கிணற்றடி முருங்கை காற்றில் சாய்ந்துவிட்டது. அப்புறம், மாடி அலமாரியை ஒழித்தேன். என் பிஎச்.டி. கட்டு முழுக்க வெளியே வந்தது. ஹோம்ஸ், ராகே என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் 1967இல் போட்ட பட்டியல் மேலாகவே இருந்தது. வாழ்க்கையைப் புரட்டிப் போடுகிற 43 நிகழ்ச்சிகள், எவ்வளவு மன அழுத்தம் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். கணவனோ மனைவியோ இறந்தால் 100. விவாகரத்துக்கு 73. மூன்றாவது வரி, கணவனும் மனைவியும் பிரிந்து இருப்பது. அதற்கு 65. அதற்கு மேல் நான் எழுத வேண்டியதில்லை. கண் அங்கேயே நின்றுவிட்டது.

எல்லோருக்கும் ஒரே எண்ணா என்று வகுப்பில் அதைக் குறை சொல்லித்தான் பாடம் எடுப்பேன். லாசரஸ், ஃபோக்மன் என்ற உளவியலாளர்கள் 1984இல் எழுதியதுதான் என் கட்சி. நடந்ததை ஒருவர் எப்படி எடுத்துக்கொள்கிறார், சமாளிக்கத் தன்னிடம் என்ன இருப்பதாக நினைக்கிறார், அதைப் பொறுத்துத்தான் மன அழுத்தம். தீர்க்க முடிந்ததைத் தீர்க்கலாம். தீராதபோது மனதையாவது ஆற்றிக்கொள்ள வேண்டும். நீ எதையும் தீர்த்துவிடத்தான் பார்ப்பாய், அப்பா மாதிரி. எனக்கு அதில் பெருமைதான். ஆனால் அம்மாவுக்கு ஒரு போன் போட ஐந்து நிமிடம் கிடைக்காதா?

கட்டின் அடியில், கஷ்டத்தை எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்கிற அந்தக் கேள்வித்தாள்கள். 66 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. ஓரத்தில் ஸ்டேப்ளர் பின் எல்லாம் கோணல். நீ அடித்தது. அப்பா போய் நாலு மாதம், உனக்கு 11 வயது. கூடத்துத் தரையில் உட்கார்ந்து, ஸ்டேப்ளரை இரண்டு கையாலும் அமுக்கி அமுக்கி, ஒரு வார்த்தை பேசாமல் அத்தனையையும் முடித்தாய். பிள்ளைக்கு என்ன பக்குவம் என்றார்கள் வந்தவர்கள். நானும் நம்பினேன். நோயாளியை வைத்துப் பார்த்துக்கொள்கிற வீடுகளாகத் தேடிப் போய், "கஷ்டம் வெளியே தெரியாமல் பார்த்துக்கொண்டீர்களா?" என்று கேட்டு எண் போட்டேன். உன்னை ஒரு நாளும் கேட்கவில்லை.

நெருங்கிய உறவு இறந்தால் 63 என்று அதே பட்டியலில் இருக்கிறது. என் 100ஐப் பார்த்துப் பார்த்து அழுதிருக்கிறேன். உன் 63 என் கண்ணில் படவே இல்லை, தம்பி. பேசாமல் இருக்கிறான், அதனால் சமாளித்துவிட்டான் என்று எடுத்துக்கொண்டேன். இன்றைக்கும் நீ அப்படித்தான் இருக்கிறாய். பழக்கியது நான்.

1990களில் சான் பிரான்சிஸ்கோவில், எய்ட்ஸ் வந்த துணையைப் பார்த்துக்கொண்டவர்களை ஃபோக்மன் ஆராய்ந்தார் என்று சொல்லியிருக்கிறேனே. கஷ்டத்தையே கேட்கிறீர்களே, நல்லதையும் கேளுங்கள் என்று அவர்களே சொன்னார்கள். அதற்குப் பிறகு அதற்கும் ஒரு கேள்வி சேர்ந்தது. அதைத்தான் உன்னிடம் கேட்க நினைக்கிறேன். இந்த வாரம் எதையாவது ருசித்துச் சாப்பிட்டாயா? யாருடனாவது நடந்துவிட்டு வந்தாயா?

அவளுக்கு நான் போன் செய்யவில்லை. நீ செய்யச் சொன்னால் செய்கிறேன், வேண்டாம் என்றால் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனைக் கையிலேயே வைத்திருப்பேன். பேச வராவிட்டாலும் பரவாயில்லை, போட்டுவிட்டு சும்மா இரு. ராத்திரி சாப்பிடு.

அம்மா