கதாநாயகி சரி, குடும்பம் எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

சீனாவின் புரட்சிக்கால இசை நாடகங்கள் பற்றி ஞாயிறு மலரில் வந்த கட்டுரையைப் படித்தேன். பெண்ணை அடுப்படியிலிருந்து மீட்டு மேடையின் நடுவில் நிறுத்தியவை அவைதான் என்கிறார் கட்டுரையாளர். பாதிதான் சரி.

நான் தையல்காரி. கடையில் பக்கத்து மிஷினில் தைத்த சீன அக்கா கொடுத்த விசிடிகளில்தான் இவற்றைப் பார்த்தேன். ‘சிவப்பு விளக்கு’ கதையில் கதாநாயகி தியெமெய் போட்டிருக்கும் சிவப்புப் பூச்சட்டையின் ஒட்டில்தான் முதலில் கண் போனது. ஏழை வீட்டு ஒட்டு இவ்வளவு அழகாக உட்காராது! மாவோவின் மனைவி ஜியாங் சிங் மேற்பார்வையில் உருவான நாடகங்களாயிற்றே, பெண்களையும் அப்படித்தான் வெட்டித் தைத்திருக்கிறார்கள். ‘ஷாஜியாபாங்’ நாடகத்தில் ஆச்சிங் அண்ணியின் புருஷன் ஷாங்காய்க்கு வியாபாரத்துக்குப் போனவர், கடைசிவரை தலைகாட்டுவதில்லை. ‘அசேலியா மலை’யில் கே ஷியாங்கின் கணவர் வரும் வழியிலேயே கொல்லப்படுகிறார். துறைமுகக் கதையின் ஃபாங் ஹைஜெனுக்குக் குடும்பப் பேச்சே கிடையாது.

எனக்கு ஆறாதது ‘வெண்கூந்தல் பெண்’தான். 1945இல் கம்யூனிஸ்டுகளின் தளமாயிருந்த யேனானில் மேடையேறிய இசை நாடகத்தில் ஏழைப் பெண் ஷீஅரைப் பண்ணையார் கெடுக்கிறான். குழந்தை பெறுகிறாள், மலையில் ஒளிந்து வாழ்ந்து தலை நரைக்கிறாள். அதையே 1965இல் ஷாங்காயில் பாலே நடனமாக ஆக்கியபோது கெடுத்ததும் இல்லை, குழந்தையும் இல்லை. எதிர்த்து நின்று தப்பி ஓடுகிறாள், அவ்வளவுதான். கெடுக்கப்பட்டவள் வீராங்கனையாக நிற்கக் கூடாது என்பது பண்ணையார் காலத்துக் கணக்கல்லவா? புரட்சி செய்தவர்களுக்கும் அதே கணக்கா?

‘ஷாஜியாபாங்’ மட்டும் தப்பியது, அதுவும் அரைகுறையாக. மூல நாடகத்தில், டீக்கடை நடத்திக்கொண்டே ரகசியமாகக் கம்யூனிஸ்டுகளுக்கு வேலை செய்யும் ஆச்சிங் அண்ணிதான் எல்லாம். ஆயுதப் போராட்டம் முன்னால் வரட்டும் என்று 1964இல் மாவோ சொன்னதும் ஆண் தளபதியின் பங்கைக் கூட்டினார்கள். இருந்தும் அந்த டீக்கடைக் காட்சியை அவளிடமிருந்து பிடுங்க முடியவில்லை. சந்தேகப்பட்டுத் துருவும் அதிகாரியிடம், வந்தவர்க்கெல்லாம் டீ ஊற்றுவதுதான் என் பிழைப்பு, ஆள் போனால் டீ ஆறிப்போகும் என்று பாடியபடியே கோப்பையில் மிச்சமிருந்ததை வீசி ஊற்றுகிறாள். துப்பாக்கி தூக்கிய எந்தக் கதாநாயகியிடமும் இந்தத் துணிச்சலை நான் பார்க்கவில்லை. இன்றும் சீனாவில் இந்தக் காட்சியைத் தனியாக எடுத்துப் பாடுகிறார்கள். அப்படிப்பட்டவளுக்குக் கட்டுரையில் ஒரே ஒரு வரி ஒதுக்கியது ரொம்பக் குறைவு.

— ஒரு வாசகி, சிங்கப்பூர்