திருட்டுக் கணக்கில் 2024 ஜூலை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் தமிழகத்தில் சொத்து தொடர்பான குற்றங்களைப் புள்ளியியல் முறையில் ஆராய்ந்து வரும் முனைவர் பட்ட மாணவி. திருட்டு வழக்குகள் கூடின, குறைந்தன என்று வரும் செய்திகளைப் படிக்கும்போது, 2024 ஜூலை 1 என்ற தேதியை வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

அன்றுதான் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்குப் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. முதல் முறையாகத் திருடிய ஒருவர், 5,000 ரூபாய்க்குக் குறைவான அப்பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், அவருக்குச் சமூக சேவையே தண்டனை என்கிறது அதன் 303-ஆம் பிரிவு. இரக்கமுள்ள இந்த மாற்றத்தை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் உடன் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் அட்டவணை, இத்தகைய சிறு திருட்டை, நீதித்துறை நடுவரின் உத்தரவின்றிப் போலீசார் புலனாய்வு செய்ய இயலாத குற்றங்களோடு சேர்த்திருக்கிறது. எனவே கடைத்தெருவில் களவுபோன ஒரு கட்டடத் தொழிலாளியின் பழைய சைக்கிளோ, பேருந்தில் பறிபோன விலை குறைந்த கைபேசியோ எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) ஆகாமல், புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு நின்றுவிடக்கூடும். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையோ பதிவான வழக்குகளை மட்டுமே எண்ணுகிறது.

ஏற்கெனவே இந்தக் கணக்கு ஏழைகளின் இழப்பைக் குறைத்தே காட்டி வந்தது. இருசக்கர வாகனம் திருட்டுப் போனால், காப்பீட்டுத் தொகை பெறுவதற்கு எஃப்.ஐ.ஆர். தேவை என்பதால் உரிமையாளர் விடாமல் அலைந்து பதிவு செய்கிறார். காப்பீடில்லாத சிறு பொருளை இழந்தவருக்கு அந்த முனைப்பு இருப்பதில்லை. போதாக்குறைக்கு, முன்பு சூழலைப் பொறுத்துத் திருட்டாகவோ வழிப்பறியாகவோ பதிவான செயின் பறிப்புக்கு இப்போது 304 என்ற தனிப் பிரிவு வந்திருப்பதால், வழக்குகள் ஒரு தலைப்பிலிருந்து மற்றொன்றுக்கு இடம் மாறியுள்ளன.

ஆகவே, எண்ணிக்கை குறைந்தால் காவல் துறையைப் பாராட்டுவதும் கூடினால் குறை கூறுவதும் இப்போதைக்கு நியாயமாகாது. 2024 ஜூலைக்கு முந்தைய, பிந்தைய மாதங்களுக்கு, காவல் நிலையவாரியாக எஃப்.ஐ.ஆர். எண்ணிக்கையையும் சி.எஸ்.ஆர். எண்ணிக்கையையும், களவுபோன பொருளின் வகையையும் மதிப்பையும், புகார்தாரரின் அடையாளம் நீக்கி மாநில அரசு வெளியிட வேண்டும். அவை கிடைக்காதவரை, ஏற்ற இறக்கத்தில் களவின் பங்கு எவ்வளவு, சட்ட மாற்றத்தின் பங்கு எவ்வளவு என்று எந்தப் புள்ளியியல் முறையாலும் பிரித்துக் கூற இயலாது.

இப்படிக்கு,
முனைவர் பட்ட ஆய்வு மாணவி,
திருச்சிராப்பள்ளி.