லீவுக்கு உன்ன கூட்டிட்டு வராத ரெண்டு வருஷம்

ஏட்டி மக்கா, ஸ்தோத்திரம்.

அப்பா தூங்கிட்டாவ. கரண்ட் போயி ரெண்டு மணி நேரம் ஆச்சு, ஃபோன்ல 40 பர்சென்ட் இருக்கு, அதுக்குள்ள எழுதிரணும்னு கொசுவலைக்குள்ள உக்காந்துருக்கேன். ஞாயித்துக்கெழம நீ கேட்டல்ல, 33 வருஷம் அந்த ஊர்ல கெடந்து உங்களுக்கு என்னதாம்மா கெடச்சுதுன்னு, நான் குக்கர் சத்தம் போடுது அப்புறம் பேசுதேன்னு வச்சிட்டேன். குக்கரும் வைக்கல ஒண்ணும் வைக்கல. பதில் வரல, அவ்வளவுதான். நேர்ல கேட்டாலும் வராது, எழுதுனாதான் வரும். பிரசங்கம் அப்பா, லெட்டர் நான், நம்ம வீட்ல எப்பவும் அப்படித்தானே.

சாமான் கட்டிட்டு இருக்கோம். மொத்தமே ஏழு அட்டப்பெட்டி, அதுல ரெண்டு அப்பாவோட புஸ்தகம். 1991 ஜூலைல மிஷனரியா வந்தப்ப ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு மண்ணெண்ண ஸ்டவ்வும், கல்யாணம் ஆகி நாலு மாசம். திருநெல்வேலியில ஏறி மெட்ராஸ், அங்கருந்து ஹவுரா, ஹவுராவுல ராத்திரி வண்டி பிடிச்சி விடிஞ்சும் விடியாம பர்ஹர்வா ஸ்டேஷன்ல எறங்குனோம். அப்ப இது பீகார், 2000ல தான் ஜார்க்கண்ட்னு பிரிச்சாங்க. பிளாட்பாரம் முழுக்க சாம்பக் கலர்ல தூசி. ராஜ்மகால் மலைய ஒடச்சி ஜல்லியாக்கி லாரியிலயும் வேகன்லயும் ஏத்துற ஊருல்ல, அந்தத் தூசி சோத்துலயும் இருக்கும், பைபிள் பக்கத்துக்கு நடுவுலயும் இருக்கும். ஊரே கருங்கல்லு, ஆனா ஒரு ஆட்டுரல் கொத்திக் குடுக்க ஆளு கெடையாதுன்னு ஆச்சிக்கு எழுதுனேன், நான் சிரிப்புக்கு எழுதுனது, ஆச்சி அத பெண்கள் ஜெபக்கூட்டத்துல படிச்சிக் காட்டி எல்லாரும் அழுதாவளாம்.

வீடுதான் பெரும்பாடு. மதராஸி மிஷனரின்னு தெரிஞ்சா வாடகைக்கு தரமாட்டாங்க, தெரியாம தந்தவங்க தெரிஞ்சதும் காலி பண்ணுன்னுவாங்க. நீ வயித்துல ஏழு மாசம், நவம்பர் குளிரு, ஒரு வீட்ல சாயங்காலம் சொல்லி மறுநா காலையில சாமான தெருவுல வச்சிட்டாங்க. அப்பா மலையில இருந்தாவ. நான் டிரங்குப் பெட்டி மேல உக்காந்துட்டே இருந்தேன். எதிர் வீட்டு காக்கிமா (வங்காளத்துல சித்தி மாதிரி) வந்து பாத்தாங்க, என் வயித்தப் பாத்தாங்க, ஒரு கேள்வி கேக்கல, பெட்டிய ஒரு பக்கம் புடின்னு கையக் காட்டுனாங்க. பின்கட்டு ரூம்ல ரெண்டு மாசம்னு போயி நாலு வருஷம் இருந்தோம். காளி படம் மாட்டுன வீட்டுலதான் மிஷனரி பிள்ள பொறந்துச்சுங்கறத நான் எந்த ரிப்போர்ட்லயும் எழுதுனதில்ல. இப்ப நெனச்சா அதத்தான் மொதல்ல எழுதியிருக்கணும்.

மலைக்கு அப்பா திங்கக்கெழம ஏறுனா வெள்ளிக்கெழமதான் எறங்குவாவ. பஹாடியா ஜனங்க வீடு எல்லாம் உச்சியிலதான், அடிவாரத்துல சந்தால் ஜனங்க. சோளமும் பர்பட்டியும் (நம்ம காராமணி மாதிரி) வெதைப்பாங்க, தண்ணிக்கு கீழ ஊத்துக்கு எறங்கி ஏறணும், சந்தைக்கு வந்தா வட்டிக்கு விடுற மகாஜன் கடன்ல எல்லாத்தையும் புடிச்சிட்டு மிச்சம் உப்பு மட்டும் குடுப்பான். மொத தடவ நான் ஏறுனப்ப மூச்சு வாங்கி ஒரு பாறையில உக்காந்துட்டேன், ஒரு பொம்பள கண்ணுல சீழ் வடிஞ்ச பிள்ளைய மடியில போட்டுட்டு "கனு, கனு"ன்னு காட்டுனா. தொண்டைக்குள்ள இருந்து வர்ற 'க', ஆனா கண்ணுதான்! பல்லுக்கு பலு, நீக்கு நீன். நாலு நாள் ரயில்ல வந்தும் நம்ம பாஷையோட சொந்தக்காரங்ககிட்டதான் வந்து சேந்துருக்கோம்னு எனக்கு அழுகையே வந்துருச்சு. இடையன்குடி கால்டுவெல் ஐயர் அவர் இலக்கணப் புஸ்தகத்துல ராஜ்மகால் மலைப் பாஷையையும் நம்ம தமிழ்க் குடும்பத்துல சேத்து எழுதியிருக்காருன்னு அப்பா சொன்னாவ. ட்ரோசேன்னு ஒரு ஜெர்மன் ஐயர் 1884லயே மால்தோவுக்கு (அந்த மலைப் பாஷை பேரு அதான்) தனியா இலக்கணமும் போட்டாரு. நமக்கு முன்னாடியே வந்து போனவங்க எத்தன பேரு, நாமதான் மொத ஆளுன்னு நெனச்சிட்டு வந்தோம்.

காலா அஸார் உனக்கு ஞாபகம் இருக்கும். காய்ச்சல் வாரக்கணக்கா விடாது, மண்ணீரல் வீங்கி வயிறு முன்னால தள்ளும், ஒடம்பு கறுத்துப் போவும். மண் சுவரு வெடிப்புல இருக்கிற மணல் ஈ கடிச்சி வர்றது. அப்பல்லாம் ஊசி தெனமும் ஒண்ணு, 20 நாள் 30 நாள், மலையில இருந்து தெனம் எறங்கி வர முடியுமா, அதனால நம்ம வராண்டாவுலயே படுத்துக் கெடப்பாங்க, நீ ஒவ்வொருத்தர் வயித்தையும் தட்டிப் பாத்து யாரு வயிறு பெருசுன்னு மார்க் போடுவ. அவங்களும் சிரிப்பாங்க. இப்ப ட்ரிப்ஸ் மாதிரி ஒரே தடவ ஏத்தி அனுப்பிடுறாங்க, நோயும் ரொம்ப கொறஞ்சிட்டு. அந்த வராண்டாவுல பொழச்சிப் போனவங்க இன்னைக்கும் சந்தையில பாத்தா பர்பட்டிய முந்தானையில கட்டிக் குடுப்பாங்க. கெடச்சதுன்னு கேட்டியே, இத ஒண்ணா எழுதிக்கோ.

எல்லாம் நல்லதே செஞ்சோம்னு சொல்லமாட்டேன். வந்த புதுசுல மேளம் அடிக்கக் கூடாது ஆடக் கூடாதுன்னு நாங்களே சட்டம் போட்டோம், அந்த ஊர்ல கிறிஸ்மஸ் செத்த வீடு மாதிரி நடந்துச்சு. ஒரு கெழவருதான் உங்க கடவுளுக்கு காது வலியான்னு கேட்டாரு. அடுத்த வருஷம் மேளம் வந்துருச்சு. அப்புறம் டெபுடேஷன். ரெண்டு வருஷத்துக்கொருக்க ஊருக்கு வந்து சபை சபையா போயி பேசணும், எல்லாருக்கும் தலக்கணக்கு வேணும், எத்தன பேரு ஞானஸ்நானம் எடுத்தாங்க, இந்த வருஷம் எத்தன கிராமம். ஒருத்தரும் இல்லாத வருஷமும் இருந்துச்சு. அந்த வருஷம் நான் ரிப்போர்ட்ல வயிறு வீங்குன ஒரு பையன் போட்டோவ ஒட்டி அனுப்பிட்டேன், பத்திரிகையில வந்துச்சு, காணிக்கையும் வந்துச்சு. அவன்கிட்டயோ அவன் அம்மாகிட்டயோ கேக்கல.

ஆனா அந்த காணிக்கையப் பத்தி தப்பா பேசவும் எனக்கு நாக்கு வராது. சோறு பொங்குறதுக்கு முன்னால ஒரு கைப்பிடி அரிசிய தனியா எடுத்து வச்சி மாசக்கடைசியில கோயில்ல கொண்டு குடுக்கிற ஆச்சிமாருதான் நம்மள தாங்குனது. அந்த அரிசி வித்த காசுதான் உன் ஹாஸ்டல் ஃபீஸ். அதான் எதையும் வாய் விட்டு சொல்ல முடியாது, பீடி சுத்துற கெழவி பசிய அடக்கி அனுப்புன காசுல இருந்துட்டு எனக்கு இங்க பயமா இருக்குன்னு எப்படி எழுதுவ.

இப்ப ஹாஸ்டலுக்கு வந்துட்டேன். சுத்தி வளச்சி இங்கதான் வரணும்னு எனக்குத் தெரியும்.

உன்ன மூணாங்கிளாஸ்லதான் அனுப்புறதா இருந்துச்சு. 1999 ஜனவரில ரேடியோவுல கேட்டோம், பக்கத்து ஒரிசாவுல மனோகர்பூர்ல கிரகாம் ஸ்டெயின்ஸ் ஐயாவையும் அவரு ரெண்டு பையன்களையும் வண்டிக்குள்ள தூங்கிட்டு இருந்தப்ப தீ வச்சிட்டாங்கன்னு. 1965லருந்து அந்தப் பக்கம் குஷ்டரோகிங்களுக்கு வேல செஞ்ச மனுசன். பெரியவன் பிலிப்புக்கு 10, சின்னவன் திமோத்திக்கு 6. உனக்கு அந்த மாசந்தான் 6 முடிஞ்சுது. நீ என் பக்கத்துல போர்வைக்குள்ள கால என் மேல போட்டு தூங்கிட்டு இருந்த. ஸ்டெயின்ஸ் ஐயா சம்சாரம், அந்த அம்மா, மன்னிச்சிட்டேன்னு சொன்னாங்க, அங்கயே இருந்து ஆஸ்பத்திரி வேலையும் பாத்தாங்க. எனக்கு அந்த பெலன் இல்ல மக்கா. ஜூன்ல உன்ன கொண்டு விட்டேன். இங்கிலீஷ் மீடியம், தமிழும் படிக்கணும்னு ஒன்கிட்ட சொன்ன சாக்கு அப்பாட்டயும் சொன்னதுதான்.

அதோட விட்டிருந்தா சரி. அந்தப் பையன்களும் ஊட்டியில ஹாஸ்டல்ல படிச்சதுங்கதான், லீவுக்கு வந்த எடத்துலதான் போச்சு. லீவுக்கு வந்த எடத்துலங்கிறது என் மண்டைக்குள்ள ஏறி உக்காந்துருச்சு. 2000 மே, 2001 மே, ரெண்டு லீவுக்கும் உன்ன இங்க கூட்டிட்டு வரல, ஆச்சி வீட்லயே விட்டுட்டோம், டிக்கெட்டுக்கு காசில்லன்னு சொன்னேன். காசு இருந்துச்சு. ஆச்சி குடுத்தனுப்புன காசு பைபிளுக்குள்ள அப்படியே இருந்துச்சு. அப்பாவுக்கே இது போன வாரந்தான் தெரியும், பெட்டி கட்டும்போது சொன்னேன், ஒண்ணும் பேசாம வெளிய போயி நின்னாவ.

2002ல நீ வந்தப்ப ஒம்பது வயசு. 'அம்மா நீ வா'ன்னு கூப்புட்ட பிள்ள 'நீங்க வாங்க'ன்ன. ஹாஸ்டல்ல மரியாத கத்துக் குடுத்துருக்காங்கன்னு அப்பாவுக்கு சந்தோஷம். இன்னைக்கும் 'நீங்க'தான்.

இதுல என்ன கொடுமைன்னா இங்க ஒண்ணுமே நடக்கல. 2017ல மதமாற்றத் தடைச் சட்டம் வந்தப்ப கொஞ்ச நாள் ஆளுங்க வந்து பேரு ஊரு விசாரிச்சாங்க, ரெண்டு தடவ அப்பாவ கூப்புட்டு உக்கார வச்சாங்க, காக்கிமா மகன் வந்து இவரு எங்க வீட்டு ஆளுன்னு கூட்டிட்டு வந்தான். அவ்வளவுதான். நீ இல்லாத அந்த ரெண்டு மேயும் காக்கிமா தெனம் மாடிப்படியில உக்காந்து "புடி கொபே ஆஷ்பே"ன்னு கேப்பாங்க, நம்ம குட்டி எப்ப வருவான்னு. நான் பரீட்ச பரீட்சன்னு பொய் சொன்னேன், மே மாசத்துல என்ன பரீட்சன்னு அவங்களுக்குத் தெரியாதா.

மலையில ஒருத்தி, அவ பிள்ளைய மூளை மலேரியாவுல குடுத்தவ, 1998 மழையில கட்டில்ல தூக்கிட்டு எறங்கி வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு. 2000ல என்னப் பாத்து உன் பிள்ள எங்கன்னு கேட்டா. தூரத்துல படிக்கிறான்னேன். ஏன் கூட வச்சிக்கலன்னா. பயமா இருக்குன்னு முத முதல்ல அவகிட்டதான் சொன்னேன், தமிழ் தெரியாத ஒருத்திகிட்ட அவ பாஷையில. அவ கொஞ்ச நேரம் என்னையே பாத்தா, அப்புறம் கையிலிருந்த சோளத்த ரெண்டா ஒடச்சி பாதிய எனக்குத் தந்தா. எனக்கு அத முழுங்க முடியல.

நீ கேட்டதுக்கு இது பதிலா இல்லையான்னு தெரியல. கூட்டிட்டு வந்திருக்கலாம், அது மட்டும் தெரியும்.

சார்ஜ் 11க்கு வந்துருச்சு. 18ஆம் தேதி ஹவுராவுல ஏறுறோம், டிக்கெட் இன்னும் வெயிட்டிங் லிஸ்ட்டுதான், கன்ஃபர்ம் ஆனா போடுதேன். நீ பெங்களூர்ல ரூம் ஒழிச்சி வைக்கேன்ன, கீழ ரூமா இருந்தா நல்லது, அப்பாவுக்கு முட்டு வலி, 33 வருஷம் மலை ஏறுன முட்டு. பர்பட்டி வெத கொஞ்சம் எடுத்துட்டு வாரேன், தொட்டியில போட்டு பாப்போம். பேரனுக்கு காக்கிமா டேக்குவா சுட்டுத் தாறாங்களாம், சட் பூஜைக்கு சுடுறது, இப்ப பூஜையும் கெடையாது ஒண்ணும் கெடையாது, இருந்தாலும் சுடுவேன்னு உக்காந்துருக்காங்க. நாங்க கெளம்புறதுக்குள்ள ஒருக்க அவங்களுக்கு வீடியோ கால் பண்ணு. உனக்கு வங்காளம் மறந்துருக்கும், பரவால்ல, மூஞ்சிய காட்டு. காது கேக்காது இப்ப, சத்தமா பேசு.

அம்மா