தனுஷ்கோடிக்கு வர்ற தம்பி தங்கச்சிகளுக்கு

தனுஷ்கோடி கடைசியில இருக்குற அரிச்சல்முனைக்கு பைக்லயும் வேன்லயும் வர்ற தம்பிகளா, தங்கச்சிகளா, வணக்கம். நான் ராமேஸ்வரம் தீவுக்காரன், ரொம்ப நாளா மனசுல கெடக்குறத இன்னைக்கு சொல்லிடுறேன்.

2017ல முனை வரைக்கும் ரோடு வந்ததுல இருந்து கூட்டம் ஜாஸ்தி, சந்தோஷம்தான். ஆனா பாம்பன்ல புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏத்துன அன்னைக்கும் செல்ஃபிக்காக அலைக்குள்ள இறங்குறீங்க பாருங்க, பாக்குற எனக்கு அடிவயிறு கலங்குது. குளம் மாதிரி கெடக்குற வங்காள விரிகுடாவ நாங்க பெண் கடல்னு சொல்லுவோம், அந்தப் பக்கம் சீறுறது ஆண் கடல், ரெண்டும் சேர்ற எடத்துல நீரோட்டம் எப்ப எங்க இழுக்கும்னு கடல்லயே பொழைக்கிறவங்களே அடிச்சு சொல்ல மாட்டாங்க.

நீங்க பாக்குற அந்த மணல்வெளி ஒரு ஊரு. ஸ்டேஷன், போஸ்ட் ஆபீஸ், சர்ச், இலங்கையில இருக்குற தலைமன்னாருக்கு கப்பல்னு எல்லாம் இருந்துச்சு. 1964 டிசம்பர் 22 ராத்திரி பாம்பன்ல கெளம்புன பாசஞ்சர் ரயில் ஊருக்குக் கிட்ட வந்தும் ஸ்டேஷனுக்கு வந்து சேரல, உள்ள இருந்த நூறு பேருக்கு மேல அப்படியே கடலோட போயிட்டாங்க. விடிஞ்சப்ப ஊரே இல்ல. புயல்ல பிஞ்சுபோன பாம்பன் ரயில் பாலத்த ரயில்வே இன்ஜினியர் ஸ்ரீதரன் சார் தலைமையில 46 நாள்ல சரி பண்ணாங்க, மனுச உழைப்ப நான் கொறைச்சு சொல்லவே மாட்டேன், ஆனா தனுஷ்கோடிய திருப்பிக் கொண்டாற இன்னைக்கு வரைக்கும் யாராலயும் முடியலயே.

திருப்புல்லாணி போயிருக்கீங்களா? அங்க ராமர் தர்ப்பைப் புல்லு மேல படுத்திருப்பாரு. இலங்கைக்குப் போக கடலரசன்கிட்ட வழி கேட்டு கெடந்த கோலம் அது. அவதாரமா வந்த சாமியே மனுச உடம்புல இருந்தப்ப மொதல்ல கேட்டுத்தான் நின்னாரு, நம்ம எம்மாத்திரம்? எங்க ஆளுங்க இன்னைக்கும் வல்லத்த தள்ளுறதுக்கு முன்னாடி ஒரு நிமிசம் சாமிய நெனச்சுட்டுத்தான் தண்ணியில கால் வைப்பாங்க.

அதனால கரையில நின்னு கும்பிடுங்க, கண்ணு நெறைய பாருங்க. பொழுது சாயுறதுக்குள்ள போலீஸ்காரர் திரும்பச் சொன்னா சண்டை போடாம திரும்புங்க. அந்த இடிஞ்ச சர்ச் சுவத்து மேல மட்டும் ஏறாதீங்கப்பா, அன்னைக்குப் போனவங்க எத்தனையோ பேரு அந்த மண்ணுக்குள்ளதான் கெடக்காங்க.