தொடர்பு அட்டையை வந்தபடியே காட்டுங்கள்

மதிப்பிற்குரிய செயலிக் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் செயலி வழியாகப் பகிரப்படும் தொடர்பு அட்டைகள், அதாவது ஒருவரின் பெயரும் எண்களும் அடங்கிய சிறு கோப்புகள், எங்களிடம் எந்தக் கோலத்தில் வந்து சேர்கின்றன என்பது நீங்கள் அறியாததல்ல. யாங்கூனிலிருந்து மூன்று முறை எழுதியிருக்கிறேன். மூன்று முறையும் செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவிப் பார்க்கும்படிதான் பதில் வந்தது.

சென்ற மாதம் தட்டோனில் என் பெரியப்பா காலமானார். இரவு ஒன்பது மணிக்குச் செய்தி வந்தது. மறுநாள் காலையில் எடுப்பதாக இருந்தார்கள். மோல்மீனில் இருக்கும் அத்தைக்குச் சொல்லும் பொறுப்பு எனக்கு. தம்பி அவருடைய அட்டையை அனுப்பிய கையோடு அங்கே மின்சாரம் போய், அவனுடைய இணைப்பும் அறுந்தது. அட்டையில் அத்தையின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சமக்குறிகளும் எண்களுமாக ஒரு குப்பை. இரண்டு சிம் வைத்திருப்பது இங்கே சாதாரணம். அட்டையிலும் இரண்டு எண்கள் இருந்திருக்கின்றன. உங்கள் செயலியோ முதல் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைச் சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிட்டது. அந்த முதல் எண் எப்போதோ செயலிழந்தது. விடியும்வரை அதையே அழைத்துக்கொண்டிருந்தேன். வேறு யாரோ சொல்லி அத்தை வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லையே என்று அவர் என்னைத்தான் கேட்டார், உங்களை அல்ல.

பெயர் உடைவதன் காரணம் மறைபொருள் இல்லை. பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் இன்றும் 1996ஆம் ஆண்டின் விகார்டு (vCard) 2.1 என்ற கோப்பு வடிவில்தான் அட்டையை அனுப்புகின்றன. அதில் ஆங்கிலம் அல்லாத எழுத்துகளின் ஒவ்வொரு பைட்டும் (கணினிச் சேமிப்பின் சிறு அலகு) சமக்குறியோடு மூன்று குறிகளாக விரிகிறது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோடு முறையில் ‘மு’ என்பது ‘ம’ ஒன்று, உகரக் குறி ஒன்று என இரண்டு குறியீடுகள்; தமிழின் அப்படிப்பட்ட ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட்டு. ஒன்பது குறியீடுகள் கொண்ட ‘முருகேசன்’ என்ற பெயரே 81 குறிகளாகி, 76 குறிகளுக்குமேல் போகக் கூடாத வரியைத் தாண்டி அடுத்த வரிக்கு மடங்குகிறது. வரி முடிவில் நிற்கும் சமக்குறி ‘இன்னும் இருக்கிறது’ என்று சொல்வது. உங்கள் செயலி அதைக் கவனிப்பதாகத் தெரியவில்லை. ஆங்கிலப் பெயர்களை மட்டும் வைத்துச் சோதித்தவர்களுக்கு இது கண்ணில் படாதுதான்.

ஆகவே கேட்பது ஒன்றே: வந்த அட்டையை வந்தபடியே, முழுப் பெயரோடும் எல்லா எண்களோடும் காட்டுங்கள். யூனிகோடுக்கு ஒத்துவராத ஜவ்ஜி என்ற பர்மிய எழுத்துருவோடு பல்லாண்டு மல்லுக்கட்டி, 2019 அக்டோபரில்தான் யூனிகோடுக்கு முறையாக மாறிய நாடு இது. எழுத்து உடைவதன் வலி எங்களுக்குப் புதிதல்ல. சேமிக்கப் போனால் குடும்பப் பெயரை நிரப்பாமல் விடமாட்டேன் என்று வேறு உங்கள் செயலி அடம்பிடிக்கிறது. பர்மியருக்கும் அப்படி ஒன்று கிடையாது, தமிழரான எங்களுக்கும் கிடையாது. உங்களிடம் மிச்சமிருந்தால் ஆளுக்கொன்று அனுப்பிவையுங்கள், ஒட்டிக்கொள்கிறோம். புதுப்புது ஸ்டிக்கர்களுக்குத் தவறாமல் நேரம் கிடைக்கிறதே!

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அட்டையை வந்தபடியே காட்டும்படி மீண்டும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அத்தையின் ஒப்புதலோடு அந்த அட்டையை உங்கள் உதவிப் பிரிவுக்குத் தனியே அனுப்பியிருக்கிறேன். இம்முறை பதில் எழுதுவதற்கு முன்னால் அதை உங்கள் கைப்பேசியில் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
யாங்கூனிலிருந்து ஒரு பயனர்