கீழ்த்தளத்தைத் தெருவுக்கு விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நகரத்துக் கலை அருங்காட்சியகங்கள் சுற்றுவட்டார மக்களோடு ஒட்ட வேண்டும் என்று தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல எண்ணம்தான். ஆனால் கட்டுரையாளர் கட்டடத்தின் முகப்பழகைத் தாண்டி நகரவே இல்லை. அருங்காட்சியக வாசலில் காவலராக நின்று ஓய்வு பெற்றவன் நான். அந்த முகப்பே பலரைத் திருப்பி அனுப்பியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பக்கத்துத் தெருக்காரர்கள் படிக்கட்டு வரை வருவார்கள். கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்ப்பார்கள். உள்ளே டிக்கெட் மேசை, பை சோதிக்கும் இயந்திரம், அப்புறம் சீருடையில் நான். "உள்ளே போகலாமா?" என்று கேட்கிறவர்கள் ஒரு சிலர். மற்றவர்கள் வேறு ஏதோ வேலையாக வந்த மாதிரி நகர்ந்துவிடுவார்கள். கட்டணம் வாங்காத நாட்களிலும் இதே கதைதான். நுழைவை இலவசமாக்கினால் கூட்டம் தானாக வரும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பிரேசிலில் 1968-இல் திறக்கப்பட்ட சாவ் பாவ்லோ கலை அருங்காட்சியகக் கட்டடத்தைப் பாருங்கள். அதை வடிவமைத்த லினா போ பார்டி, காட்சிக்கூடத்தையே தரையிலிருந்து தூக்கி நிறுத்திவிட்டார். அடியில் 74 மீட்டர் நீளத்துக்கு நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. அங்கே சந்தை கூடும், கச்சேரி நடக்கும், போராட்டக்காரர்களும் திரள்வார்கள். ஜப்பானின் கனாசாவாவில் 2004-இல் திறந்த அருங்காட்சியகமோ வட்ட வடிவம். முன்பக்கம், பின்பக்கம் என்று எதுவுமில்லை. பல பக்கமும் வாசல். வெளிவட்டத்தில் டிக்கெட் இல்லாமலே சுற்றி வரலாம்.

நம் ஊரிலும் கீழ்த்தளத்தை இப்படித் திறந்துவிட்டால் வெயிலுக்கு ஒதுங்குகிறவர்கள் அங்கேயே தூங்கிவிடுவார்கள் என்று நிர்வாகிகள் பயப்படுவார்கள். சரி, தூங்கட்டுமே! நாலு நாள் தூங்கினவர் ஐந்தாம் நாள் மாடியில் என்ன இருக்கிறது என்று கேட்பார்.

கழிப்பறை, குடிநீர், முதுகு சாய்ந்து உட்கார இருக்கை எல்லாம் டிக்கெட் மேசைக்கு வெளியே இருக்க வேண்டும். இன்னொன்று, ஓவியத்துக்குப் பக்கத்தில் ஒட்டும் குறிப்பு அட்டை. அதன் பொடி எழுத்தைப் படிக்கக் குனிகிறவர்களை "கோட்டைத் தாண்டாதீர்கள்" என்று அதட்டுவதே என் வேலையில் பாதி. எழுத்தைப் பெரிதாக்கியிருந்தால் அவர்களுக்கும் எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும்.

புதிதாக அருங்காட்சியகம் வரையும் கட்டடக் கலைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரைபடத்தை முடிவு செய்வதற்கு முன், ஏற்கெனவே இருக்கும் ஏதாவது ஓர் அருங்காட்சியகத்தின் வாசலில் ஒரு வாரம் நின்று பாருங்கள். பார்வையாளராக வேண்டாம், காவலர் பக்கத்தில்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அருங்காட்சியகக் காவலர்